எங்கள் வரப்பில் ஏறி நின்றவர்

1

போன வாரம், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வந்தார். ஜெர்மனியின் தெற்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் இது. அவர் வருவதற்கு முன்பே நிர்வாகி அம்மாள் எங்களைக் கூப்பிட்டு, யார் எங்கே நிற்க வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று காலை தாழ்வாரம் முழுக்க எலுமிச்சை வாசனை. எப்போதும் ஆள் பற்றாமல் ஓடுகிற ஷிப்டில் அன்றைக்கு மட்டும் ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். காரணம் எனக்குத் தெரியும். படத்தில் ஒரு கறுத்த முகம் வேண்டும்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளிகளை வரவேற்க எல்லோரும் தயாரா என்பதுபோலக் கேட்டார். நாங்கள் தயார் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வியர் ஸிண்ட் ஃபெர்டிக்" என்றேன். அந்தச் சொல்லுக்குத் தயார் என்றும் பொருள் உண்டு, நொந்து நூலாகிவிட்டோம் என்றும் பொருள் உண்டு. இத்தனை வருஷம் கழித்தும் எந்தத் தொனியில் எது என்பது எனக்குப் பிடிபடவில்லை. அவர் காதில் இரண்டாவதுதான் விழுந்தது. நிர்வாகி அம்மாள் என்னை முறைத்தார். பிறகு அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்ததால் நிர்வாகி அம்மாளும் சிரித்தார். இந்தியாவா, யோகா செய்வீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மகள் யாழினியிடம் சொன்னேன். பதினைந்து வயது. நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் உரையாடல் என்பது அதுதான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உங்க ஊர்லயும் இப்படி வருவாங்களா?" என்றாள். இதை மட்டும் தமிழில் கேட்டாள். 'உங்க ஊர்' என்று அவள் சொன்னதைத் திருத்த எனக்கு அப்போது தெம்பில்லை.

வருவார்கள். ஒருவர் வந்தார், போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நான் லீவில் போயிருந்தபோது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். தஞ்சாவூரிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் சுவர்கள் இருக்கின்றன, அந்த வேலையைச் செய்ய.

2

முதலில் எங்கள் வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. ஆனால் தெரிந்த கதையைத்தான் நம் கண் முன்னாலேயே மாற்றிவிடுகிறார்கள்.

அது கோயில் நிலம். ஒரு மிராசுதார் குடும்பம் அதை மொத்தமாக எடுத்து, எங்களைப் போன்ற கூலிக் குடும்பங்களுக்கு வாய்மொழியாகக் குத்தகைக்கு விட்டிருந்தது. திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆபீஸ் வரைக்கும் வந்தது, வயல் வரைக்கும் வரவில்லை. பதிவு நடப்பதற்குள் எல்லாரையும் வெளியேற்றிவிட வேண்டும் என்று மிராசுதார் முடிவு செய்தார். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த வயலில் டிராக்டரை இறக்கினார்.

என் அப்பா மாரிமுத்துவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார். டிராக்டருக்கு முன்னால் சேற்றில் போய்ப் படுத்தார். டிராக்டர் ஓட்டி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, "என்னால ஆவாதுங்க" என்று சொல்லிக் கரையேறிப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மிராசுதாரின் காரியக்காரர், அதாவது பண்ணையின் வரவுசெலவையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டவர். அவர் நகர்ந்து உட்கார்ந்து, தானே வண்டியை எடுத்தார். முன்சக்கரம் அப்பாவின் வலது காலில் ஏறியது. சேறாக இருந்ததால் கால் உள்ளே அமுங்கியது. தரை காய்ந்திருந்தால் காலே இருந்திருக்காது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

எலும்பு கோணலாகக் கூடியது. அப்பா அன்றிலிருந்து சாய்ந்து நடக்கிறார். பிறகு சங்கத்து ஆட்கள் விடாமல் நின்று, குத்தகை அவர் பெயரில் பதிவானது. அந்த வயலில் விளைந்ததைத் தின்றுதான் அண்ணனும் நானும் வளர்ந்தோம். நான் நர்சிங் படித்தேன். அண்ணன் சேகர் வயலோடு தங்கினான்.

காரியக்காரருக்கு ஒரு மகன். அவன் வளர்ந்து, கட்சியில் சேர்ந்து, கட்சி மாறி, மறுபடி மாறி, எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆனான். ஆனார் என்று எழுத வேண்டும். ஜெர்மன் மொழியிலும் அதே மாதிரி மரியாதைச் சொல்லும் ஒருமைச் சொல்லும் தனித்தனியாக உண்டு. வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஓர் அதிகாரியை வாய் தவறி ஒருமையில் கூப்பிட்டுவிட்டு நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இங்கே வாய் தவறவில்லை. ஆனாலும் 'ஆர்' போட்டே எழுதுகிறேன். அப்பா அவரிடம் அப்படித்தான் பேசினார்.

3

அவர் தொகுதியைச் சுற்றிப் பார்க்க வருகிறார் என்று ஒன்றியச் செயலாளர் வந்து சொன்னார். அவருடைய கட்சிக்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு வயல், ஒரு ரைஸ் மில், ஒரு சுகாதார நிலையம், மூன்றையும் ஒரே காலையில் பார்ப்பார். வயலுக்கு எங்களுடையதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், சாலையோரம் என்பதால். கார் பக்கத்திலேயே நிற்கலாம்.

"தண்ணி கடைமடை வரைக்கும் வந்துடுச்சுன்னு எம்.எல்.ஏ. அண்ணன் பேசப் போறாரு. நீ பக்கத்துல நின்னா போதும் சேகரு" என்றார்.

"தண்ணிதான் வரலியே" என்றான் அண்ணன்.

"வரும்."

வந்தது. முந்தின நாள் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து மூங்கில் புதருக்குப் பின்னால் வைத்து, பொழுதெல்லாம் இறைத்து வாய்க்காலை நிரப்பினார்கள். கார்கள் வருகிற சத்தம் கேட்டதும் இன்ஜினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் தவளைகள் கத்த ஆரம்பித்தன. தண்ணீர் வந்துவிட்டதென்று அவை நம்பிவிட்டன.

அண்ணன் ஏன் ஒத்துக்கொண்டான் என்றால், குத்தகைப் பதிவு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதை அண்ணன் பெயருக்கு மாற்றக் கேட்டுப் பல வருஷமாக அலைகிறான். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாராவது வந்து, நீ யார், இந்த நிலத்துக்கும் உனக்கும் என்ன என்று கேட்கலாம். எம்.எல்.ஏ. வந்து போனதும் ஒரு வார்த்தை சொல்லி முடித்துத் தருகிறேன் என்று ஒன்றியச் செயலாளர் சொல்லியிருந்தார்.

வெள்ளை வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வரப்பில் ஏறினார். அதிகாரிகள், கேமரா வைத்திருந்தவர்கள், கட்சிக்காரர்கள் எல்லாம் சாலையில். நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றேன். தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அண்ணனின் தோளில் கையைப் போட்டார்.

"இந்த மண்ணு எனக்குப் புதுசு இல்ல" என்று ஆரம்பித்தார். "இதே வரப்புலதான் எங்கப்பா நின்னாரு. மிராசுதார் டிராக்டரக் கொண்டாந்து பயிர அழிக்க வந்தப்ப, ஏழை சனத்துக்காக டிராக்டரத் தடுத்து நின்ன குடும்பம் எங்க குடும்பம். ரத்தம் சிந்தின மண்ணு இது. என்ன சேகர்?"

ஒருவன் பொய் சொல்வான் என்று தெரியும். ஆனால் அடிபட்டவனின் காலை எடுத்துத் தன் அப்பாவுக்கு மாட்டிவிடுவான் என்று நான் நினைத்ததே இல்லை. வாயைத் திறந்தேன். அண்ணன் திரும்பாமலேயே பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். அழுத்திப் பிடித்தான்.

"ஆமாங்க" என்றான் கேமராவைப் பார்த்து.

எல்லோரும் கைதட்டினார்கள்.

4

மில்லைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அது அவருடைய மைத்துனனின் மில். எங்கள் வாய்க்காலின் மேல்தான் அதன் பின்சுவர் ஏறி நிற்கிறது. உமிச் சாம்பலை அள்ளிக் கொட்டிக் கொட்டி அந்த இடத்தில் வாய்க்கால் மேடாகிவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வராததற்குக் காவிரியைக் குற்றம் சொல்லத் தேவையில்லை, அந்தச் சுவரைச் சுற்றி ஒரு நடை போனால் போதும். அவர் முன்வாசல் வழியாகப் போய், பொன்னாடை வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வந்தார். உள்ளூர்த் தொழில் வளர்கிறது என்று பாராட்டினார்.

கூட்டம் அங்கிருந்து சுகாதார நிலையத்துக்குப் புறப்பட்டபோது, அப்பா அங்கேதான் இருப்பார் என்பது எனக்கு நினைவு வந்தது. மாத்திரை கொடுக்கிற நாள் அது. வயலுக்கு எம்.எல்.ஏ. வருவதை அவரிடம் அண்ணன் சொல்லவில்லை. காலையிலேயே மாத்திரை வாங்கிவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தான். ஆனால் எம்.எல்.ஏ. வந்து போகும் வரை யாருக்கும் மாத்திரை கிடையாது என்று அங்கே எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். பெஞ்சு காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம்.

நானும் அண்ணனும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனோம். போய்ச் சேரும்போது எம்.எல்.ஏ. உள்ளே நுழைந்துவிட்டார். பினாயில் நெடி. கட்டில்களில் புது விரிப்பு. அதன்மேல் படுத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி எங்கள் தெருக்காரி. அவளுக்கு ஒரு நோயும் இல்லை. என்னைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

அப்பா பெஞ்சின் ஓரத்தில், வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றியச் செயலாளர் இளம் வயதுக்காரர், பழைய கதை முழுக்கத் தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அண்ணே, இவரு மாரிமுத்து. நம்ம சேகரோட அப்பா. அந்தக் காலத்துப் போராட்டத்துல கால் போனவரு."

எம்.எல்.ஏ. ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் கேமரா பின்னால் வந்துகொண்டிருந்தது. குனிந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, எங்கப்பாவும் அன்னிக்கு ஒங்களோட அந்த வயல்ல இருந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"இருந்தாரு தம்பி. இல்லாம?" என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை, கையையும் விடுவித்துக்கொள்ளவில்லை. "அவரு டிராக்டர் மேல இருந்தாரு. நான் கீழ இருந்தேன்."

ஒரு பெண் தன்னையறியாமல் சிரித்தாள்.

"ஓட்டியாந்த டிரைவரு எறங்கிப் போயிட்டாருங்க. அவரு நல்ல மனுசன். ஒங்கப்பாதான் அவரு எடத்துல ஒக்காந்து வண்டிய எடுத்தாரு. நல்லாருக்காரா இப்ப?"

எம்.எல்.ஏ. நிமிர்ந்தார். அவர் முகத்தில் வெட்கம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினார்.

"வயசாயிடுச்சில்ல, பாவம், ஞாபகம் தடுமாறுது. நல்லா பாத்துக்கங்க."

அப்பாவின் தோளில் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கேமராக்காரன் அவர் பின்னாலேயே போனான். அன்றைய செய்தியில் வயல் வந்தது, மில் வந்தது, புது விரிப்பு போட்ட கட்டில் வந்தது. அப்பா வரவில்லை.

5

வீட்டுக்கு வந்ததும் நான் அண்ணனைத் திட்டினேன். "ஆமாங்கவா? அப்பா காலத் தூக்கி அவன் அப்பனுக்குக் குடுத்துட்டு வந்திருக்கியே, ஒனக்குக் கூசல?"

அவன் கைகழுவிக்கொண்டிருந்தான். திரும்பினான்.

"கூசிச்சு. ஒனக்கு என்னா தெரியும்? நீ ரிட்டர்ன் டிக்கெட்டோட வந்து நிக்கிற. நான் நாளைக்கும் அந்த ஆபீஸ் வாசல்லதான் நிக்கணும். நாலு நாள் இருந்துட்டுப் போறவ கத்துவ. கத்துறதுக்கு அப்புறம் என்னா ஆவும்னு பாக்க நீ இருக்க மாட்ட."

அப்பா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அண்ணி மல்லிகாவிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

நான் ஜெர்மனிக்குத் திரும்பி, வேலைக்குப் போய், வயதான ஜெர்மானியர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டு, அவர்கள் சொல்வதில் பாதி புரிந்து பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணன் சொன்ன 'அப்புறம்' வந்தது. யாரோ பெயரில்லாமல் ஒரு மனு போட்டிருந்தார்கள். மாரிமுத்து சொந்த உழைப்பில் சாகுபடி செய்யவில்லை, குடும்பத்தில் ஒருவர் வெளிநாட்டில் பெரிய சம்பளம் வாங்குகிறார், ஏழைக்கான நிலத்தை வசதி படைத்தவர்கள் அனுபவிக்கிறார்கள், ஆகவே பதிவை நீக்க வேண்டும். அந்த மனுவின் பேரில் விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ்.

அந்த வெளிநாட்டு ஆள் நான்தான். எங்கள் குடும்பத்தை அடிக்க அவர்கள் எடுத்த கம்பு நான். என் சம்பளம் வாடகைக்கும் குளிருக்கும் போக என்ன மிச்சம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நிலத்தில் எனக்குப் பங்கில்லை, சாகுபடி செய்வது அண்ணன்தான் என்று நான் எழுதி, நம் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும் என்றார் அண்ணன் பிடித்திருந்த வக்கீல். லீவு போட்டு, ரயில் ஏறிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், ரத்தான என் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி இருக்கிறது, காகிதத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். ஓர் எழுத்து வித்தியாசம். மாரிமுத்துவை எத்தனை விதமாகத்தான் எழுத முடியும்? திருத்திக்கொண்டு மறுபடி போனேன். அன்றைக்கு இணையத்தில் நேரம் வாங்காமல் வந்துவிட்டேன் என்று காவலாளியே திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவைதான் முத்திரை விழுந்தது.

யாழினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "டிராக்டர் ஏத்தின ஆள் மேல ஏன் யாரும் அப்பவே கேஸ் போடல?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவளுக்கு உலகம் அவ்வளவு எளிது. யார் மேல் போடுவது, எந்த ஸ்டேஷனில், அந்த ஸ்டேஷனில் அன்றைக்கு யார் சாப்பாடு போட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல ஜெர்மன் வார்த்தை போதவில்லை. தமிழில் சொன்னேன். அவளுக்குத் தமிழ் போதவில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

6

விசாரணை தாலுகா ஆபீசில் நடந்தது. அண்ணி கூடப் போயிருந்தார். சாயங்காலம் போனில் அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே, "ஒங்கப்பா வயல்ல எறங்கி வேலை பாக்குறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"அவரால முடியாதுங்க. நான்தான் பாக்குறேன். சட்டத்துல குடும்பத்து ஆளு பாத்தா போதும்னு இருக்குங்க."

"ஏன் முடியாது?"

"காலு வராதுங்க."

"ஏன்?"

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தானாம். ஒன்றியச் செயலாளரும் இன்னும் நாலைந்து கட்சிக்காரர்களும் கதவோரம் நின்றிருக்கிறார்கள். "ஒங்கண்ணன் கழுத்து நரம்பு பொடைச்சுது கலா. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அண்ணி.

"டிராக்டர் ஏத்தினாங்க" என்றானாம். யார் ஏற்றியது, எந்த வயலில், ஏன் என்று தொடக்கத்திலிருந்து சொன்னானாம். காரியக்காரரின் பெயரைச் சொல்லி, அவர் இன்னாருடைய தகப்பனார் என்றும் சொன்னானாம்.

"அதெல்லாம் இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்ல" என்றிருக்கிறார் அதிகாரி.

"நீங்கதான சார் ஏன்னு கேட்டீங்க? எழுதுங்க."

கதவோரம் இருந்து ஒன்றியச் செயலாளர் குறுக்கே வந்திருக்கிறார். "சேகரு, என்னா பேசுற? அன்னிக்கு வயல்ல அண்ணன் கேட்டப்ப நீதான ஆமான்னு சொன்ன? வீடியோவுல இருக்கு."

"சொன்னேன்" என்றானாம் அண்ணன். "வயலு போயிடுமேன்னு சொன்னேன். இப்ப எப்படியும் புடுங்கத்தான போறீங்க? அப்புறம் நான் எதுக்கு ஆமான்னு சொல்லணும்?"

அண்ணி இந்த இடத்தில் நிறுத்தினார். அவர் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, கதவைப் பார்த்தாராம், அண்ணனைப் பார்த்தாராம். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து எழுதினாராம். என்ன எழுதினார் என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, ஓர் இடத்தில் 'விபத்து' என்று இருந்ததை அடிக்கச் சொல்லி, அதன் பிறகுதான் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எங்களுக்குச் சாதகமாக வரும் என்று நான் நம்பவில்லை. எம்.எல்.ஏ.வின் கை எங்கே எட்டும், எங்கே எட்டாது என்று எனக்குத் தெரியாது. அடுத்த தேர்தலிலும் அவர்தான் நிற்பார், அநேகமாக ஜெயிப்பார். அவருக்கு எதிராகப் போட எனக்கு ஓர் ஓட்டுக்கூட அங்கே மிச்சமில்லை. இந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கியபோது அதையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் வெறுப்புக்கு வாக்காளர் அட்டை தேவையில்லை. அது என்னிடம் நிறையவே இருக்கிறது. யாராவது அதை மனமாச்சரியம் என்று சொன்னால், சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்று அண்ணனைக் கூப்பிட்டேன். வயலில் இருந்தான். வரப்பு வெட்டுகிற சத்தம் போனில் கேட்டது. தண்ணீர் எப்படி என்று கேட்டேன். மில் சுவருக்குப் பின்னால் அடைத்துக்கொண்டிருந்த சாம்பலைத் தெருக்காரர்கள் சேர்ந்து வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். யாரையும் கேட்கவில்லையாம். முழங்கால் அளவு வருகிறது என்றான்.

"பயமா இல்லையாண்ணே?"

"இருக்கு" என்றான். "ராத்திரியில தூக்கம் வரல."

"தீர்ப்பு வர்ற வரைக்கும் நெலத்த சும்மா போட்டு வைக்கச் சொல்லி வக்கீல் சொன்னாராமே, அண்ணி சொன்னாங்க. மறுபடியும் பயிர அழிச்சா நஷ்டம்தானே?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"நாத்து பறிச்சுக் கட்டு கட்டா கெடக்கு, கலா. ஆளுக்குச் சொல்லியாச்சு. விடிஞ்சா நடவு" என்றான். "போன வை. அப்பா கரையில ஒக்காந்துகிட்டு, வரப்பு கோணலா இருக்குன்னு கத்துறாரு."